ஊரில் யாருக்கும் தபால் இல்லை

இருதயராஜைப் பற்றிக் கேட்டால் இப்போது எல்லோரும் அவன் வக்கீலானதிலிருந்துதான் தொடங்குகிறார்கள். அந்த இருதயராஜ் எனக்கு அவ்வளவாகப் பழக்கமில்லை. எனக்குத் தெரிந்தவன், காலைப் பாசஞ்சரில் முண்டியடித்து ஜன்னலோரம் இடம் பிடித்துவிட்டு, அங்கே உட்காராமல் நின்றுகொண்டே வருகிறவன். உட்கார்ந்தால் தூங்கிவிடுவேன், தூங்கினால் படிப்பு போச்சு என்பான். அவன் பிடித்த இடத்தில் நான் உட்கார்ந்து தூங்கினேன். எங்கள் சிநேகிதம் அப்படித்தான் ஆரம்பித்தது.

அது 1987ஆம் வருஷம். இருவரும் விழுப்புரத்தில் பி.ஏ. முதல் வருஷம். எங்கள் ஊர் மயிலம் ஸ்டேஷனிலிருந்து மூன்று மைல் உள்ளே இருக்கிறது. பெயர் வேண்டாம்; சொன்னால் நாளைக்கே யாராவது சண்டைக்கு வருவார்கள். என் அப்பா அரங்கநாதனுக்கு அங்கே ஆறு ஏக்கர் நிலமும், திறந்தால் மூடாத வாயும் இருந்தன. இருதயராஜின் அம்மா சவுரியம்மாள் எங்கள் கொல்லை நிலத்தில் களை எடுக்க வருவாள். அவன் அப்பா சவுரிராயனுக்குப் பெங்களூரில் கட்டட வேலை. கிறிஸ்துமசுக்கு வந்தால் பொங்கல் கழித்துப் போவார். என் வீடு பெரிய தெருவில், அவன் வீடு காலனியில். நடுவே ஒரு ஓடையும் இரண்டு கொல்லையும்தான். ஆனாலும் காலேஜில் சேருகிறவரை நாங்கள் ஒரு வார்த்தை பேசிக்கொண்டதில்லை.

பேசியதெல்லாம் வண்டியில்தான். வண்டியில் அவன் என்னை ‘டா’ போட்டுக் கூப்பிடுவான், நானும் அப்படியே. சாயங்காலம் மயிலம் ஸ்டேஷனில் இறங்கியதும் “வர்றேங்க” என்று சொல்லிவிட்டு வேகமாக முன்னால் போய்விடுவான். ரயில் பெட்டிக்கு ஒரு பேச்சு, மண் ரோட்டுக்கு ஒரு பேச்சு. இதில் ஏதோ கோளாறு இருக்கிறது என்று அந்த வயதில் எனக்குத் தோன்றவே இல்லை. சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது.

ஒருநாள் அவன் ஆங்கிலப் பேப்பரிலிருந்து கிழித்த துண்டு ஒன்றைக் கொண்டுவந்தான். பெங்களூர்ப் பக்கம் ஒரு சட்டக் கல்லூரி. ஐந்து வருஷப் படிப்பு. நுழைவுத் தேர்வில் தேறி நேர்காணலிலும் தேறினால், ஏழைப் பிள்ளைகளுக்குப் படிப்பும் ஹாஸ்டலும் இலவசம். ஆனால் இருபது வயதைத் தாண்டியவர்கள் எழுதக் கூடாது. இருதயராஜ் நடுவில் இரண்டு வருஷம் பள்ளிக்கூடத்தை விட்டுச் செங்கல் சூளைக்குப் போனவன். அடுத்த வருஷம் செப்டம்பர் வந்தால் அவனுக்கு இருபத்தொன்று. ஆகவே அவனுக்கு இது ஒரே ஒரு தடவை, விட்டால் அவ்வளவுதான். எனக்கு அந்த மாதிரி நெருக்கடி எதுவும் கிடையாது. அவன் எழுதுகிறான் என்று நானும் விண்ணப்பம் போட்டேன்.

தேர்வில் பாதி மார்க் லாஜிக்குக்கு. இரண்டு மூன்று வாக்கியங்களைக் கொடுத்து, இதிலிருந்து எந்த முடிவு வரும், எது வராது என்று கேட்பார்கள். விழுப்புரம் பஸ் ஸ்டாண்டு பக்கம் பழைய புத்தகக் கடையில் அட்டை இல்லாத ஒரு பயிற்சிப் புத்தகம் கிடைத்தது. ஐம்பது கேள்வி வீதம் பன்னிரண்டு மாதிரித் தேர்வுகள். முதல் தேர்வில் எனக்கு இருபத்தொன்று, அவனுக்குப் பதினேழு. தமிழ் மீடியத்தில் படித்தவர்களுக்கு இதுவே அதிகம் என்று நான் இருவரையும் சேர்த்துச் சமாதானப்படுத்தினேன். அவன் சமாதானமாகவில்லை.

எனக்குப் புத்தகக்காரனோடு சண்டை போடவே நேரம் சரியாக இருந்தது. ‘எல்லா மாடுகளும் பறக்கும். லட்சுமி ஒரு மாடு. ஆகவே?’ என்று ஒரு கேள்வி. லட்சுமி பறக்கும் என்று எழுத எனக்குக் கை வரவில்லை.

“மாடு எப்பிடிடா பறக்கும்? இவன் மாட்டக் கண்ணால பாத்திருக்கானா?”

“சொன்னத சரின்னு வச்சுக்கோ சீனு. வச்சுக்கினு மேல போ.”

“எப்பிடி வச்சுக்கிறது?”

“எங்களுக்கு அது கஷ்டமில்லடா. பெரியவங்க சொன்னா சரின்னு வச்சுக்கினுதானே இத்தினி வருசம் ஓடியிருக்குது.”

சிரித்துக்கொண்டேதான் சொன்னான். நானும் கூடச் சேர்ந்து சிரித்தேன். இப்போது நினைத்தால், நான் சிரிக்காமல் இருந்திருக்கலாம்.

அவனிடம் ஒரு நாற்பது பக்க நோட்டு இருந்தது. சரியான விடை எதையும் அதில் எழுத மாட்டான். தப்பான விடையையும், அந்தத் தப்பு மனசுக்குள் எந்த வழியாக நுழைந்தது என்பதையும் மட்டும் எழுதுவான். ஒவ்வொரு வகைத் தப்புக்கும் தெரிந்த ஆளின் பெயரை வைப்பான். அப்போதுதான் மறக்காதாம்.

‘கண்ணையன் தப்பு’ என்று ஒன்று. கண்ணையன், திண்டிவனத்தில் ஏறி விழுப்புரம் வரை அவித்த மல்லாட்டை விற்கிறவர். நாங்கள் மல்லாட்டை என்பதை மெட்ராஸ் ஆட்கள் வேர்க்கடலை என்பார்கள். பழக்கமாகாத புதிதில் நான் வேடிக்கைக்காக அவரிடம் வேர்க்கடலை கேட்டேன். “மெட்ராசா தம்பி?” என்றார். இல்லை என்றேன். “சும்மா சொல்லாத. மெட்ராஸ்காரங்க எல்லாம் வேர்க்கடலைன்னு கேப்பாங்க. நீ வேர்க்கடலைன்ற. அப்ப நீ மெட்ராஸ்தான்” என்று முடித்துவிட்டார். இருதயராஜ் உடனே நோட்டைப் பிரித்தான். மெட்ராஸ்காரர்கள் எல்லாம் வேர்க்கடலை என்று சொல்லட்டும். அதற்காக வேர்க்கடலை என்கிறவன் எல்லாம் மெட்ராஸ்காரன் ஆகிவிடுவானா? எங்கள் விடைகளில் பத்துக்கு மூன்று கண்ணையன் தப்பாக இருந்தது.

இன்னொன்றுக்கு ‘அரங்கநாதன் தப்பு’ என்று என் அப்பாவின் பெயரையே வைத்தான். எங்கள் கிணற்றில் மோட்டார் போட்ட வருஷத்திலிருந்து மழை குறைந்ததாம். ஆகவே மோட்டார் சத்தம் மேகத்தை விரட்டுகிறது என்று அப்பா பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். முதலில் ஒன்று, பிறகு இன்னொன்று நடந்தால், முதலில் நடந்ததுதான் காரணம் என்கிற தப்பு. அப்பா பெயரைப் போட்டதற்காக நான் இரண்டு நாள் அவனோடு பேசவில்லை. மூன்றாம் நாள் மாதிரித் தேர்வில் நானே அந்தத் தப்பைச் செய்தேன். “பரம்பரைடா” என்றான். வண்டி விக்கிரவாண்டி தாண்டுகிறவரை சிரித்தோம்.

எல்லாவற்றிலும் பெரிய தப்பை அவன் பேரணி ஸ்டேஷனில் கண்டுபிடித்தான். மழை பெய்தால் ஆட்டம் நிற்கும் என்று புத்தகம் ஆங்கிலத்தில் சொல்கிறது. அதைத் தமிழில் மாற்றி யோசிக்கும்போது, மழை பெய்தால்தான் ஆட்டம் நிற்கும் என்று ஆக்கிவிடுகிறோம். பிறகு, ஆட்டம் நின்றதா, அப்படியானால் மழை பெய்திருக்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டு டிக் அடிக்கிறோம். ஆட்டம் வெளிச்சம் போதாமலும் நிற்கலாம், பந்து தொலைந்தும் நிற்கலாம். புத்தகத்தில் இல்லாத ‘தான்’ எங்கள் வாயிலிருந்து போய் ஒட்டிக்கொண்டது.

“தான்டா!” என்று பெட்டியே திரும்பிப் பார்க்கிறமாதிரி கத்தினான். “அவன் போடல. நாமதான் தான் போடுறோம்!”

“இப்பக்கூட ஒண்ணு போட்ட” என்றேன்.

பக்கத்து சீட்டு அம்மாள் எங்களைக் கவலையோடு பார்த்தாள். அந்த மார்கழி மாதத்துக் காலை எனக்கு இன்னும் கண்ணில் நிற்கிறது. அவன் முகம் முழுக்க அவ்வளவு சந்தோஷம். என் வாழ்க்கையில் நான் மிகவும் சந்தோஷமாக இருந்த நாட்கள் எவை என்று கேட்டால், கல்யாணத்தைக் கூட விட்டுவிட்டு அந்த ரயில் நாட்களைத்தான் சொல்வேன். வீட்டில் கேட்டால் கேட்டுவிட்டுப் போகட்டும்.

பன்னிரண்டாவது மாதிரித் தேர்வில் அவனுக்கு நாற்பத்துநான்கு. எனக்கு முப்பது. ஏப்ரல் கடைசியில் மெட்ராஸ் போய்த் தேர்வு எழுதினோம். வெளியே வந்ததும் “லாஜிக்ல ஆறு தப்பு பண்ணிட்டேன்” என்றான். எனக்கு எத்தனை சரி என்றே தெரியவில்லை.

நேர்காணலுக்குத் தேர்வானவர்களுக்கு ஜூன் முதல் வாரத்தில் தபால் வரும் என்று சொல்லியிருந்தார்கள். எங்கள் ஊர் தபாலாபீஸ், வெங்கடாசலம் என்பவரின் வீட்டு முன்னறை. போஸ்ட்மாஸ்டரும் அவர்தான், தபால்காரரும் அவர்தான். இருதயராஜ் போய்த் தெருவில் நின்று கேட்டான். “வந்தா சொல்லி அனுப்புறேன், போ” என்றாராம். இரண்டாவது தடவையும் அதே பதில். அதனால் ஒருநாள் வண்டியில் என்னிடம், “நீ கேட்டா உள்ள கூப்புட்டு உக்கார வச்சு சொல்லுவாரு. ஒரு தடவ கேட்டுட்டு வாடா” என்றான்.

கேட்டேன். பத்தாம் தேதி, வெள்ளிக்கிழமை சாயங்காலம். உள்ளே கூப்பிட்டு நாற்காலி போட்டார். பெங்களூரிலிருந்து தபால் ஏதாவது வந்ததா என்றேன். வெற்றிலையை மென்றுகொண்டே பதில் சொன்னார். திங்கட்கிழமை வண்டியில் இருதயராஜிடம் சொன்னேன்: “நம்ம ரெண்டு பேருக்கும் வரலடா.”

அவன் அன்றைக்கு முதல்முறையாக ஜன்னல் ஓரத்தில் உட்கார்ந்தான். எனக்கு வராதது எனக்கே ஆச்சரியமில்லை. அவனுக்கு எப்படி வராமல் போகும் என்று கோபம் கோபமாக வந்தது. அந்த வாரம் முழுக்க அவன் பெங்களூரைப் பற்றிப் பேசவே இல்லை. பி.ஏ.வை முடித்தால் எந்தக் கம்பெனியில் குமாஸ்தா வேலை கிடைக்கும் என்று ஒரே ஒரு தடவை கேட்டான்.

இருபதாம் தேதி, மறு திங்கட்கிழமை. அவனைச் சிரிக்க வைக்க வேண்டும் என்று நான் எங்கள் ஊர் ஆட்களைப் போல ஒவ்வொருவராகப் பேசிக் காட்டிக்கொண்டு வந்தேன். எனக்கு அந்த வித்தை நன்றாக வரும். வெங்கடாசலத்தின் முறை வந்தது. வெற்றிலையை ஒரு கன்னத்தில் ஒதுக்கி, மூக்குக் கண்ணாடியை இறக்கி, அவர் சொன்னதை அப்படியே சொன்னேன்: “ஊர்ல யாருக்கும் வரலியே தம்பி. ஊர்ல வந்திருந்தா நானே வீட்டாண்ட கொண்டாந்து குடுத்திருக்க மாட்டனா?”

இருதயராஜ் சிரிக்கவில்லை. எழுந்து நின்றான்.

“அவரு இன்னா சொன்னாரு? திரும்பச் சொல்லு.”

“ஊர்ல யாருக்கும் வரலியே தம்பி.”

“இதத்தான் சொன்னாரா? இதே வார்த்தையா?”

“இதே வார்த்தைதான்டா. ஏன்?”

“டேய் சீனு,” என்றான். குரல் இறங்கிவிட்டது. “நான் எப்படா ஊர்ல இருந்தேன்? நான் காலனிடா.”

எனக்குப் புரிய நான்கைந்து விநாடி ஆனது. ஊர் வேறு, காலனி வேறு. ஊர்த் திருவிழா, ஊர்க் கிணறு, ஊர்க் கூட்டம் என்று பிறந்ததிலிருந்து சொல்லிக்கொண்டு வந்திருக்கிறேன். அதில் எதிலும் அவன் கிடையாது. வெங்கடாசலம் சொன்ன ஊரில் அவன் இல்லை, நான் கேட்ட ஊரில் அவன் இருந்தான். அந்த ஒரு வார்த்தையை ‘நம்ம ரெண்டு பேருக்கும்’ என்று மாற்றி அவனிடம் கொண்டுபோய்க் கொடுத்தவன் நான். இத்தனை மாதம் உட்கார்ந்து லாஜிக் படித்தவன்.

விக்கிரவாண்டியில் இறங்கினோம். மெயின் ரோட்டுக்கு ஓடி பஸ் பிடித்து, கூட்டேரிப்பட்டில் இறங்கி, அங்கிருந்து ஒரு டிராக்டரில் தொற்றிக்கொண்டு ஊருக்கு வந்தபோது பத்தரை மணி. இருதயராஜ் தெருவில் நின்றுகொண்டான். நான் உள்ளே போய், காலனிக்குத் தபால் ஏதாவது உண்டா என்று கேட்டேன்.

“காலனிக்கா? அப்பிடிக் கேக்க வேண்டியதுதானே” என்றார் வெங்கடாசலம். சுவரில் ஆணியடித்து ஒரு மஞ்சள் பை மாட்டியிருந்தது. காலனி ஆட்கள் யாராவது இந்தப் பக்கம் வேலைக்கு வந்தால் மொத்தமாகக் கொடுத்தனுப்புவாராம். நடவு முடிந்துவிட்டதால் இரண்டு வாரமாக யாரும் வரவில்லையாம். பைக்குள் கைவிட்டு நீளமான ஒரு கவரை எடுத்தார். அதில் எங்கள் தபாலாபீஸின் ஒன்பதாம் தேதி முத்திரை. நான் கேட்டதற்கு முந்தின நாள். அவர் பொய் சொல்லவில்லை, மறைக்கவும் இல்லை. அதனால்தான் எனக்கு அவரை அடிக்க வேண்டும் போல இருந்தது. அவரை அடித்தால் என்னையும் சேர்த்து அடிக்க வேண்டும்.

இருதயராஜ் தெருவிலேயே கவரைப் பிரித்தான். நேர்காணல் ஜூன் இருபது, காலை பதினொரு மணி. பெங்களூரில். இன்னும் இருபது நிமிஷம் இருந்தது.

நான் அவன் முகத்தைப் பார்க்கப் பயந்து காகிதத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

“பாஸாயிட்டேன் சீனு!” என்றான். பெரிய தெரு நடுவில், என் பெயரைச் சொல்லி, சத்தமாக. “பாருடா, பாஸாயிட்டேன்!” கண்ணில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது.

திண்டிவனம் தந்தி ஆபீசுக்குப் போனோம். தபால்காரரின் அலட்சியத்தால் என்று நான் ஆரம்பித்தேன். அவன் பேனாவை வாங்கி அந்த வரியை அடித்துவிட்டான். “யார் தப்புன்னு அவங்களுக்கு எதுக்கு? லெட்டர் இன்னிக்குத்தான் கைக்கு வந்துது. அது நெசம். அத மட்டும் எழுது. வேற தேதி குடுங்கன்னு கேளு. போதும்.” அவ்வளவுதான் அனுப்பினோம்.

செவ்வாய், புதன், வியாழன், வெள்ளி. பதில் இல்லை. அவன் காலேஜுக்கு வருவதை நிறுத்திவிட்டு மறுபடி சூளை வேலைக்குப் போக ஆரம்பித்தான்.

சனிக்கிழமை நடுப்பகலில் நான் ஓடைப் பக்கத்துக் கொல்லையில் இருந்தேன். காலனியிலிருந்து அழுகுரல் கேட்டது. ஒரு பெண் ஆரம்பித்து, பத்துப் பேர் சேர்ந்துகொண்ட சாவு அழுகை. எனக்கு வந்த முதல் நினைப்பை எழுதக் கூட மனசு வரவில்லை. செருப்பைக் கூடப் போடாமல் ஓடையைத் தாண்டி ஓடினேன். அதற்கு முன் நான் காலனிக்குள் போனதே இல்லை. அவன் வீடு எது என்றுகூட எனக்குத் தெரியாது. கூட்டத்தைப் பார்த்துத்தான் கண்டுபிடித்தேன்.

சவுரியம்மாள் வாசலில் உட்கார்ந்து மாரில் அடித்துக்கொண்டிருந்தாள். கையில் தந்தி. திண்டிவனத்திலிருந்து புது ஆள் ஒருவன் சைக்கிளில் வந்தானாம். ஊர் வழக்கமெல்லாம் அவனுக்குத் தெரியாது. நேரே காலனிக்குள் வந்து, பெங்களூர்த் தந்தி என்று கொடுத்து, கைநாட்டு வாங்கிக்கொண்டு போய்விட்டான். அங்கே யார் வீட்டுக்கும் சாவுக்கல்லாமல் தந்தி வந்ததில்லை. பெங்களூரில் இருப்பது அவள் புருஷன். தந்தியைப் பிரிக்கவே இல்லை. அதற்குள் அவர் செத்துப்போயிருந்தார்.

“படிச்சு சொல்லு தம்பி” என்று ஒரு கிழவர் தந்தியை வாங்கி என்னிடம் நீட்டினார்.

பிரித்தேன். முதலில் எனக்குள் படித்தேன். மறுபடி படித்தேன். பிறகு ஒரு வார்த்தையும் கூட்டாமல் குறைக்காமல் சத்தமாகச் சொன்னேன். “இரண்டாம் நேர்காணல் ஜூன் முப்பது. அசல் சான்றிதழ்களுடன் வரவும். அவ்வளவுதான் போட்டிருக்குது. இருதயராஜுக்கு வந்திருக்குது. படிப்புக்குக் கூப்புடுறாங்கம்மா. அவங்கப்பாவுக்கு ஒண்ணும் இல்ல.”

அழுகை சட்டென்று நின்றது. யாரோ சிரித்தார்கள். ஒருத்தி சூளைக்கு ஓடினாள், இருதயராஜைக் கூட்டி வர. சவுரியம்மாள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

“எத்தினி நாளைக்கு தம்பி?”

“சீட்டு கெடச்சா அஞ்சு வருசம்மா.”

தந்தியை என்னிடமிருந்து வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள். பிறகு மறுபடியும் அழ ஆரம்பித்தாள். இந்தத் தடவை மாரில் அடித்துக்கொள்ளவில்லை, சத்தமும் வரவில்லை.

“நல்ல சேதிதாம்மா. எதுக்கு அழுவுறீங்க?”

“நல்ல சேதின்னு தெரியுது. அஞ்சு வருசம் வக்கீலுக்குப் படிச்ச புள்ள, இந்த வூட்டுக்குத் திரும்பி வந்து குந்துமா? போனா போனதுதான்.”

அதில் என்ன தப்பு என்று யோசித்துப் பார்த்தேன். எனக்கு எதுவும் கிடைக்கவில்லை.

அவன் போனான். சீட்டும் கிடைத்தது. படித்தான், அங்கேயே வக்கீலானான், நல்ல பெயரும் எடுத்தான். லீவுக்கு வருவான், முதலில் வருஷத்துக்கு இரண்டு தடவை, பிறகு ஒரு தடவை. அம்மாவைக் கூட வந்து இருக்கச் சொல்லி எவ்வளவோ கேட்டான், அவள் போகவில்லை. அவனும் அந்த வீட்டில் ஒரு வாரத்துக்கு மேல் தங்கியதில்லை. அவனை நினைத்து எனக்கு எப்போதும் சந்தோஷம்தான். ஆனால் அவனைப் போல ஒரு சிநேகிதன் எனக்குப் பிறகு அமையவில்லை, சவுரியம்மாளுக்கு வேறு பிள்ளையும் இல்லை.